ஒத்தை எர்த்தும் சத்தம் போடாத மெஷினும்

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தெருவில் போய் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் கேட்டவர்தான் முழிக்கவேண்டும். ‘ஒத்தை எர்த்து வீடு எது?’ என்று கேட்டால் போதும், முனையில் இருக்கும் தையல்காரர் கத்தரிக்கோலை நீட்டியே திசை காட்டிவிடுவார். முன்பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட், அதில் எந்நேரமும் சீட்டு கழற்றப்பட்ட ஒரு கார், காருக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். அந்தக் கால்களுக்கு உரியவர்தான் ஒத்தை எர்த்து.

காருக்கு ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பொருத்துவது அவர் தொழில். பொருத்துவதற்கு ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பொருத்திய பிறகு பாட்டோடு சேர்ந்து ‘உய்ங்ங்’ என்று ஓர் அழுகை வருமே, அதை நிறுத்த ஆள் குறைவு. அந்த அழுகைக்கு வைத்தியம் பார்ப்பதில் அவர் பெயர் எடுத்தவர். பெயர் எடுத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எடுத்த பெயரைத் தினமும் துடைத்துத் துடைத்து வைப்பதிலும் அவருக்கு நிகர் அவர்தான்.

வியாதி இதுதான். காரில் பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் திரும்பி வரத் தனி வயர் கிடையாது. காரின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. அந்த உடம்பில் ஒரு வயரைக் கொண்டுபோய் போல்ட்டு போட்டு முடுக்குவதைத்தான் எர்த் பிடிப்பது என்கிறார்கள். ஸ்டீரியோவுக்கு வண்டியின் முன்பக்கம் ஓர் இடத்திலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்பக்கம் ஓர் இடத்திலும் எர்த் பிடித்துவிட்டால், இரண்டும் எர்த் என்ற ஒரே பெயரில் இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே இம்மியளவு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் பாட்டு போகிற வயருக்குள் புகுந்துகொண்டு அழும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அழுகை கீச்சுக் குரலில் மேலே ஏறும்.

இதற்கு அவர் சொல்லும் மருந்து ஒரே வரி.

“ஒரு வண்டிக்கு ஒரே எர்த்துதான் இருக்கணும். ரெண்டு எர்த்து இருந்தா அதுக்குப் பேரு வண்டி இல்ல, கூட்டுக்குடித்தனம்.”

வந்தவரிடம் சொல்வார், போனவரிடம் சொல்வார், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்காக முன்பின் தெரியாதவரிடமும் சொல்வார். பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்? கடைகளில் ஃபில்டர் என்று சின்ன டப்பா ஒன்று விற்கிறார்கள். வயருக்கு நடுவில் அதைச் செருகினால் அழுகை அடங்கிவிடும். அந்த டப்பாவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “அழுற குழந்தை வாயில துணியத் திணிக்கிற வேலை” என்பார். பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிகிறவரை தேய்த்து, அங்கே எர்த்தை முடுக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

வேலையெல்லாம் முடிந்தபின் ஒரு சடங்கு உண்டு. வண்டிக்காரரை வெளியே அனுப்பிவிடுவார். கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை மட்டும் முழுசாகத் திருகி, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். யாராவது கண்ணாடியைத் தட்டினால் கெட்டது குடி. “காது வேலை செய்யிறப்ப வாய்க்கு அங்க என்ன வேலை?” என்று ஒரே அதட்டல். உள்ளே ஒரு காதுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். ஒத்தை எர்த்து, ஒத்தைக் காது. அந்தச் சட்டம் ஒருநாள் அவர் காலையே வாரிவிடும் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்லத்தான் யாரும் உள்ளே இல்லையே.

சமீப காலமாக அவருக்கு ஒரு மனக்குறை வேறு. இப்போது வருகிற பாட்டில் ஜால்ரா, சலங்கை மாதிரி சன்னமான சத்தங்களே இல்லையாம். “எல்லாம் கம்பளிய போத்திக்கிட்டுப் பாடுறானுங்க” என்று புலம்புவார். புலம்பிக்கொண்டே வாடிக்கையாளரின் வண்டியில் சன்னமான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகி அனுப்பிவைப்பார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் பல் கூசுகிறது என்று அதைப் பழைய இடத்துக்கே திருப்பிக்கொள்வார்கள். அவர் மனம் நோகக்கூடாதே என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மரியாதை சில சமயம் இப்படித்தான் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது.

இனி வீட்டுக்குள் போவோம். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் நுழைகிற நடையில், சுவரோரம், துணி துவைக்கிற மெஷின் இருக்கிறது. அவர் மனைவி மருந்துக்கடை கவுன்ட்டரில் வேலை பார்க்கிறவர். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிற கண். காலையில் துணியைப் போட்டு மெஷினை ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போவார். மெஷின் நின்றதும் துணியை எடுத்துக் கொடியில் காயப்போடவேண்டியது கணவர் பொறுப்பு. மெஷின் வாங்கிய அன்றே பேசி முடித்த ஏற்பாடு. அவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

மத்தியானம் மனைவி திரும்பி வந்தால், பத்து நாளில் ஒன்பது நாள் துணி மெஷினுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். திறந்தால் குப்பென்று ஊறல் வாடை. மெஷினோ, வேலை முடிந்ததும் ‘பீப் பீப் பீப்’ என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற ரகம். அதற்கு நாலு எட்டு தள்ளித்தான் இந்த மனுஷர் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பார்.

முதலில் அந்த அம்மாள் நயமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். “மறந்துட்டேன், நாளைக்குப் போட்டுடறேன்” என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரிலேயே அது நடந்தது. மெஷின் கத்துகிறது. மனுஷர் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஒரு கண் இமை அசைய வேண்டுமே! அன்றைக்குப் பார்த்து ஷெட்டுக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம், “என் வீட்டு மெஷினைப் பாருங்க, பொட்டுச் சத்தம் கிடையாது. வந்த வேலையப் பாத்துட்டு வாயை மூடிட்டு நிக்கும். நல்ல எர்த்து” என்று பெருமை வேறு பேசினார்.

உள்ளே நின்றுகொண்டிருந்த மனைவிக்கு அது தன்னைக் குத்திச் சொன்னதாகத்தான் பட்டது. நான் வாயைத் திறக்கிறேன், மெஷின் திறக்கவில்லை, அதுதானே? சரி, நானும் மூடிக்கொள்கிறேன். அன்றிலிருந்து அவர் துணியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலையிலிருந்து வந்து, ஊறல் வாடை அடிக்கும் துணியை மறுபடி அலசி, தானே காயப்போட்டார். வீட்டில் பேச்சு, சாப்பாடு ஆயிற்றா, சாவி எங்கே என்ற அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உள்ளுக்குள் அவருக்கு ஆறவில்லை. துணி போனால் போகிறது, நான் சொல்கிற ஒரு சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லையே என்பதுதான் ரணம்.

கணவருக்கோ வீடு இவ்வளவு நிம்மதியாக எப்போதும் இருந்ததில்லை. வயசாக ஆக மனைவிக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று டீக்கடையில் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இந்த நிலைமையில்தான் மச்சான் வண்டியோடு வந்து சேர்ந்தார். மனைவியின் கூடப்பிறந்த தம்பி, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் கை நடுக்கம் போக மெல்லிசாகப் பாட்டு ஓடவேண்டும் என்பது மாஸ்டரின் தனிப்பாணி. அதற்காகவே எங்கோ பழைய சாமான் விலைக்குக் கிடைத்த ஆம்ப்ளிஃபயரைத் தானே மாட்டிக்கொண்டார். மாட்டியதிலிருந்து அழுகை.

“மாமா, நம்ம ஸ்டூடன்ட்ஸ் இருக்காங்களே, ஆக்சிலேட்டரைத் தொட்டா வண்டி கத்துது. கத்துனதும் பயந்துபோய் காலை எடுத்துடுறாங்க. எடுத்ததும் சத்தம் நிக்குது. அப்ப காலை எடுக்கறதுதான் சரின்னு நெனச்சுக்கறாங்க. நேத்து ஒரு அம்மா நாலு ரோடு சந்திப்புல நட்ட நடுவுல காலை எடுத்துட்டு, ‘சார், இப்ப கத்தல சார்’ங்கறாங்க. பின்னாடி நிக்கிற லாரிக்காரன் கத்துறான்!”

“நீ எர்த்த எங்க பிடிச்ச?”

“ஏதோ ஒரு போல்ட்டுல.”

“ஏதோ ஒரு போல்ட்டா! மாப்ள, பொண்ணு பாக்கப் போறப்ப ஏதோ ஒரு வீட்டுக்குப் போவியா?”

பின்சீட்டைக் கழற்றினார். ஆம்ப்ளிஃபயரின் எர்த், பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, சுரண்டி, தேய்த்து, முடுக்கினார். மச்சானை வெளியே அனுப்பிச் சடங்கை ஆரம்பித்தார். இன்ஜின் சும்மா ஓடும்போது முன்பு கேட்ட ‘ம்ம்ம்’ இப்போது இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார். ஒன்றும் இல்லை. “எடுத்துட்டுப் போ. ராஜா மாதிரி ஓட்டு” என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

மறுநாளே மச்சான் திரும்பி வந்தார்.

“மாமா, போகல.”

“உன் காதுல இல்லடா, உன் மனசுல இருக்கு.”

“என் மனசுல இருந்தா ஸ்டூடன்ட்ஸ் ஏன் மாமா காலை எடுக்கறாங்க?”

 மறுபடி சடங்கு. இந்தத் தடவை கவனித்துக் கேட்டதில், சும்மா ஓடும்போது சன்னமாக ஒரு ‘ம்ம்’ இருப்பது தெரிந்தது. இருக்கிறது! கொஞ்சம் மிதித்தார். சத்தம் கொஞ்சம் ஏறியது. இன்னும் மிதித்தார். போயே போய்விட்டது. காலை எடுத்தார், திரும்பி வந்தது. மிதித்தார், போனது.

அவர் கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷத் தொழிலில் மிதித்தால் ஏறுகிற சத்தத்தைத்தான் பார்த்திருக்கிறார். மிதித்தால் மறைகிற சத்தத்தை இன்றுதான் பார்க்கிறார். உலகத்துக்கே புது வியாதி! பயப்படவேண்டிய மனுஷர் பரவசப்பட்டுப்போனார். “வண்டிய விட்டுட்டுப் போ மாப்ள. இது லேசுப்பட்ட கேஸ் இல்ல” என்று மச்சானை நடந்து போகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கார் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சீட்டு நாலும் வெளியே வந்தன. தரைவிரிப்பு வெளியே வந்தது. பாட்டு வயரை இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கம் மாற்றினார், புது வயர் போட்டார், பேட்டரி முனையைக் கழுவினார். டைனமோவைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினார். ஸ்டீரியோவின் எர்த்தை மட்டும் அவர் தொடவில்லை. அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்: இரண்டு எர்த்து இருந்தால் மிதிக்கும்போது சத்தம் ஏறவேண்டும், இது மறைகிறது, ஆகவே இது எர்த்து வியாதியே இல்லை. வாழ்நாள் முழுவதும் எர்த்து எர்த்து என்று ஓதியவர், எர்த்து வியாதி எதிரே வந்து உட்கார்ந்தபோது அடையாளம் தெரியாமல் வண்டியின் டைனமோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீக்கடையில் இந்தப் புது வியாதியைப் பற்றித் தினமும் ஒரு பிரசங்கம் நடந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். டீ ஆறிவிடக்கூடாதே என்ற கவலை அவர்களுக்கு.

ஒரு வாரம் போயிற்று. டிரைவிங் ஸ்கூலில் பாடம் நின்றுபோய், வந்தவர்கள் எல்லாம் அடுத்த தெரு ஸ்கூலுக்கு நழுவ ஆரம்பித்தார்கள். மச்சான் ஷெட்டு வாசலில் வந்து நின்றார். தன் வண்டி எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஃபில்டரைப் போட்டுக் குடுத்துடுங்க. முடியலன்னா சொல்லுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

வேற ஆள்! ஃபில்டர்! ஒரே மூச்சில் இரண்டு அடி. அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பொழுது சாயறதுக்குள்ள இந்தச் சத்தம் போகலன்னா என் மீசையை எடுத்துடுறேன். அதோட இந்த ஷெட்டையும் இழுத்து மூடிடறேன்.”

“மீசை எதுக்கு மாமா? ஏற்கெனவே பாதி நரைச்சு, பாதி கொட்டிப்போச்சு. எடுத்தாலும் யாருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு மச்சான் போனார். கிண்டல் செய்தாரே, அதுவரை ஆறுதல். ஆனால் அவர் போன பிறகும் ஒத்தை எர்த்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஷெட்டை மூடுவேன் என்று சொல்லும்போது வாய் வீரமாகத்தான் சொன்னது. மனசுக்குள் முதன்முறையாக, நமக்குத் தொழில் மறந்துபோய்விட்டதோ என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே இருந்தார். அவர்தான் பக்குவப்பட்டு மௌனமாகிவிட்டாரே.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி மெஷினில் துணியைப் போட்டு ஓடவிட்டுவிட்டு, ஷெட்டு வழியாகக் குப்பைக் கூடையை வெளியே வைக்கப் போனார். காரின் பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, ஒரு உபகாரம். முன்னாடி உக்காந்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிக்கிறியா? நான் பின்னாடி ஆம்ப்ளிஃபயர்கிட்ட காதை வச்சுப் பாக்கணும்.”

அவருடைய சட்டத்தில் இது பெரிய விதிவிலக்கு. உள்ளே இரண்டாவது காது! ஆனால் மீசைக்கு ஆபத்து வரும்போது சட்டம் என்ன செய்யும்? மனைவி கூடையை வைத்துவிட்டு, சீட்டு இல்லாத இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். மிதித்தார். மிதித்த காலை அடுத்த நொடியே எடுத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“ஏன் எடுத்த? மிதி, மிதி.”

“என்னங்க இது, இந்தக் கத்து கத்துது!”

“அதான் மிதிக்கச் சொல்றேன். மிதிச்சா போயிடும்.”

“எங்க போகும்?”

“சத்தம் போயிடும்மா. மிதிச்சுப் பாரு.”

மிதித்தார். ஈயத்தைக் காய்ச்சிக் காதில் விட்ட மாதிரி ஒரு கீச்சு மேலே மேலே ஏறியது. தையல்கடையில் படுத்திருந்த நாய் எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தது. பின்னாலிருந்து, வெற்றிக் குரலில்:

“பாத்தியா, போயிடுச்சு!”

மனைவி திரும்பிப் பார்த்தார். மனுஷர் விளையாடவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, அமைதியான ஆற்றங்கரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். பேப்பருக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில்.

“ஏங்க, போகலைங்க. இன்னும் அதிகமாத்தான் ஆகுது. கீச்சுன்னு கேக்குதே, உங்களுக்குக் கேக்கலையா?”

“கீச்சா?” அவர் கண்ணைத் திறந்தார். “ஏறுதா?”

“ஏறுதுங்க. மிதிக்க மிதிக்க ஏறுது.”

ஏறுகிறது. அப்படியானால் புது வியாதி இல்லை. பழைய, சாதாரண, நூற்றுக்கணக்கில் பார்த்த இரட்டை எர்த்து. போனது சத்தம் இல்லை. அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. விளங்கியதைத் தள்ளிவைக்க ஒரு வழிதான் தெரியும்: வேலை. முன்பக்கம் வந்து, ஸ்டீரியோவை வெளியே இழுத்து, அதன் எர்த்தை டாஷ்போர்டு ஸ்க்ரூவிலிருந்து விடுவித்தார். நீளமாக ஒரு வயரைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய், ஆம்ப்ளிஃபயரின் எர்த் இருக்கும் அதே போல்ட்டில் வைத்தார்.

“இப்ப?”

“இருக்கு.”

போல்ட்டை ஒரு சுற்று முடுக்கினார். “இப்ப?”

“இருக்கு... கொஞ்சம் கம்மியா இருக்கு...”

இன்னொரு சுற்று.

“போச்சுங்க.”

“நல்லா மிதிச்சுப் பாத்தியா?”

“மிதிச்சேன்.”

“நெஜமாவே போச்சா?”

“எனக்குத்தான் காது கேக்குதே” என்றார் மனைவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இன்ஜினை நிறுத்தினார். ஷெட்டில் நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் நடையிலிருந்து மெஷின் கூப்பிட்டது. பீப் பீப் பீப்.

மனைவி கணவர் முகத்தையே பார்த்தார். அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். மெஷின் மறுபடி கத்தியது. அவர் விரலிடுக்கைத் துடைத்தார்.

“ஏங்க, இது கேக்குதா?”

“எது?”

மனைவி ஸ்டூலைத் தள்ளிவிட்டு வந்து, கிரீஸ் கையைப் பார்க்காமல் பிடித்து, நடைக்கு இழுத்துக்கொண்டு போனார். “இது! இது கத்துதே, இது!”

அவர் மெஷின் மூடிமேல் காதை வைத்தார். மறு காதை வைத்தார். பச்சை விளக்கு மினுக்கியது. மனைவியின் முகத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார்.

“இது கத்துமா?”

அவ்வளவுதான். மனைவி அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட்டது.

“ரெண்டு வருஷமாங்க! ரெண்டு வருஷமா உங்களோட சண்டை போட்டுட்டிருக்கேன்!”

“சண்டையா? எப்ப?” அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். “நீ பேசாம அமைதியா இருக்க, நிம்மதியா இருக்கேன்னுல்ல நெனச்சேன்.”

“வேணும்னே கேக்காத மாதிரி உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன். என் பேச்சுக்கு மதிப்பே இல்லன்னு நெனச்சேன். தனியா உக்காந்து எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா?”

அவர் மெஷினில் சாய்ந்து நின்றார். மீசை துடித்தது.

“எனக்குத் தொழில் போச்சும்மா” என்றார். “காதுதான் என் தொழிலு. மிதிச்சா போற சத்தம்னு ஊரு பூரா சொல்லிட்டு வந்தேனே. போனது என் காதுடி.”

அவர் மனைவியை ‘டி’ போட்டுப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“போனது கீச்சுச் சத்தம் மட்டுந்தான். அதுக்கு டாக்டர்கிட்ட போவோம். கையில பிடிச்ச வேலை எங்கயும் போகல, இப்பதான பாத்தேன். கேக்கறதுக்கு என் காதை வாடகைக்கு விடறேன்.”

“வாடகை?”

“துணி.”

சாயங்காலம் மச்சான் வந்தபோது சீட்டெல்லாம் மாட்டி, வண்டி துடைத்து நின்றது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “மாமா! பூனை மாதிரி போகுது! என்ன பண்ணீங்க?” என்றார். அவர் மீசையைத் தடவிக்கொண்டே மனைவியின் பக்கம் பார்த்தார். உண்மையை உடைத்துவிடப்போகிறாள் என்றுதான் நினைத்தார். மனைவியோ தம்பியிடம், “அது லேசுப்பட்ட கேஸ் இல்லடா, உங்க மாமா தலைகீழா நின்னு கண்டுபிடிச்சாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்தக் கடனுக்குத்தான் இன்றுவரை அவர் பயந்துகொண்டிருக்கிறார்.

டாக்டரிடமும் போனார்கள். அங்கே ஒரு பெண் அவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். நடுவில் இவர் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க மெஷின்ல ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல் வருது பாப்பா. ரெண்டு எர்த்து பிடிச்சிருக்காங்க” என்றார். அவள் பொறுமையாக, “அது மேல ஓடுற ஃபேன் சார்” என்றாள். கனத்த சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, கீச்சுச் சத்தம் கேட்கிற திறன்தான் தேய்ந்துவிட்டது, இனி வால்யூமை முழுசாகத் திருகிக் கேட்பதை விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். காதுக்கு ஒரு கருவியும் எழுதிக்கொடுத்தார். அது வரச் சில வாரம் ஆகும்.

ஷெட்டின் சட்டம் இப்போது மாறிவிட்டது. சடங்கின்போது வண்டிக்காரரை வெளியே அனுப்புவதில்லை. முன்சீட்டில் உட்காரவைத்து, “ஏறுதா, இறங்குதா, சொல்லுங்க” என்று கேட்கிறார். இது புது முறையாம். வாடிக்கையாளருக்கும் மரியாதை கொடுக்கவேண்டும் அல்லவா என்று டீக்கடையில் விளக்கம் வேறு.

கருவி வருகிறவரை துணி என்ன ஆவது? அதற்கும் வழி செய்தார். பழைய கார் ஒன்றின் பிரேக் லைட்டைக் கழற்றி வந்து, ஷெட்டில் தான் உட்காரும் இடத்துக்கு எதிரே சுவரில் அடித்தார். மெஷின்மேல் பொத்தான் அளவு மைக் ஒன்றை ஒட்டி, அது கத்தினால் விளக்கு எரியும்படி செய்தார். எர்த்தெல்லாம் ஒரே போல்ட்டில்தான், கேட்கவேண்டியதே இல்லை. எரிந்தால் லாரி நின்ற மாதிரி ஷெட்டே சிவந்துபோகும். குருடனுக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் கத்தியது. மனைவி சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஆள் எழுந்து வருகிற அரவம் இல்லை. மறுபடி கத்தியது. வரவில்லை. பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். சுவரில் பிரேக் லைட் எரிகிறது. மனுஷர் அதற்கு நேர் எதிரே, முகமெல்லாம் சிவப்பாக, பேப்பரைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க, எரியுது.”

“தெரியுது.”

“அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க?”

“நீ வந்து சொல்றியான்னு பாத்தேன்” என்றார்.

 மனைவி, “எந்திரிங்க, எந்திரிங்க. இன்னிக்குப் பெட்ஷீட் இருக்கு, ஒரு முனையை நீங்க பிடிக்கணும்” என்று அதட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.